விழுந்த உடலும் ஒரு முத்தமும்

'ப்ரொஸ்குனேசிஸ்' என்றால் அரசன்முன் தரையில் விழுவது என்றுதான் நானும் வாசித்துவந்தேன். நாயைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு இதை முடிச்சுப் போடுகிறவர்களும் உண்டு; எஜமான் காலடியில் குழைகிற நாயாம். ஒலியை மட்டும் நம்பிக் கட்டின கதை அது. 'ப்ரொஸ்' நோக்கி, 'குனேயோ' முத்தமிடுகிறேன். ஆக, வேரில் இருப்பது முத்தம். முதுகு எங்கே வளைகிறது?

பாரசீகர்களிடம் சமமானவர்கள் உதட்டிலும், சற்றே தாழ்ந்தவர் கன்னத்திலும் முத்தமிடுவர், மிகத் தாழ்ந்தவர் விழுந்து வணங்குவர் என்கிறார் ஹெரோடோட்டஸ். விழுகிற அந்த உடலின்மேல்தான் கிரேக்கர்கள் இந்தச் சொல்லைப் போர்த்தினார்கள். ஆனால் பெர்சிபோலிஸ் புடைப்புச் சிற்பத்தில் அரசன்முன் நிற்கும் அதிகாரி லேசாகக் குனிந்து, கையை வாயருகே வைத்திருக்கிறான், அவ்வளவுதான். மனிதனை வணங்கமாட்டோம் என்று சூசாவில் மறுத்த இரண்டு ஸ்பார்ட்டர்களைக் கொண்டாடும் வரலாறு, அதே ஸ்பார்ட்டாவின் ஹெலட் அடிமைகள் எப்படி நின்றார்கள் என்று கேட்பதில்லை.

கி.மு. 327இல் அலெக்சாண்டர் இவ்வணக்கத்தைத் தன் ஆட்களிடமே எதிர்பார்த்தான். விருந்தில் வணங்கியவர்களுக்கு அவன் முத்தம் கிடைத்தது. கலிஸ்தனீஸ் வணங்கவில்லை, முத்தமும் இல்லை. போனால் போகட்டும், ஒரு முத்தம்தானே என்று சொல்லிவிட்டு அவர் நகர்ந்ததாக ப்ளூட்டார்க் எழுதுகிறார். கொஞ்ச நாளில், சதிக்குற்றம் சாட்டி அவரைப் பிடித்துவிட்டார்கள்.