வெட்ஜ்வுட் பணியிழப்புகள் (2009)

இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயர் வட்டாரத்துப் பீங்கான் நிறுவனமான வெட்ஜ்வுட், 1759இல் பர்ஸ்லம் ஊரில் ஜோசையா வெட்ஜ்வுட் தொடங்கியது. 1986இல் அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்டு கண்ணாடி நிறுவனம் இதை வாங்கியது. வாட்டர்ஃபோர்டு வெட்ஜ்வுட் என்ற அந்தக் கூட்டு நிறுவனம் கடனில் மூழ்கி, 2009 ஜனவரி 5 அன்று டெலாய்ட் தணிக்கை நிறுவனத்தின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டது. அம்மாதமே பிரிட்டனில் 300க்கும் மேற்பட்டோர் வேலை இழந்தனர்.

பழியை முழுக்கப் பொருளாதார மந்தத்தின் மீது போடுவது பாதி உண்மைதான். விருந்துக்கென்று முழு செட் பீங்கான் வாங்கும் வழக்கம் ஏற்கெனவே தேய்ந்துவந்தது. அந்த நிலையிலும் 2005இல் போட்டியாளரான ராயல் டோல்டனை விலைக்கு வாங்கினார்கள். தலைவர் டோனி ஓ'ரைலியும் மைத்துனர் பீட்டர் குலாண்ட்ரிஸும் சொந்தப் பணத்தைக் கொட்டியும் நட்டம் நிற்கவில்லை. 2008இல் வங்கிகள் கையை இறுக்கியதும் கதை முடிந்தது.

ஆட்குறைப்பும் புதிதல்ல. 2003இலேயே வெட்ஜ்வுட்டின் ஜான்சன் பிரதர்ஸ் வகைப் பாத்திரங்களின் உற்பத்தி சீனாவுக்குப் போய், ஆயிரத்துக்கும் மேற்பட்ட வேலைகள் பறிபோயின. பின்னர் இந்தோனேசியாவின் முறை வந்தது. வெட்ஜ்வுட்டின் பார்லஸ்டன் ஆலையில் தங்கியவற்றுள் ஜாஸ்பர் வகைக் கைவேலை முக்கியமானது. வெள்ளைக் களிமண்ணை அச்சில் அழுத்தி, மெல்லிய உருவமாகப் பெயர்த்தெடுத்து, தண்ணீர் தொட்டு, நீலக் கிண்ணத்தின் மேல் விரலால் ஒட்டவேண்டும். வருடக்கணக்கில் பழகினால்தான் கை படியும். அப்படிப் படிந்த கைக்கு உள்ளூரில் வேறு வேலை தேடுவதும் கடினம். அண்டை நிறுவனமான ஸ்போட் 2008 நவம்பரிலேயே நொடித்திருந்தது.

வாட்டர்ஃபோர்டு நகரின் கில்பாரி கண்ணாடி ஆலை ஜனவரி 30 அன்று மூடப்பட்டதும் தொழிலாளர்கள் உள்ளே நுழைந்து, மார்ச் வரை உள்ளிருப்புப் போராட்டம் நடத்தினர். அம்மாதமே கேபிஎஸ் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம் கூட்டு நிறுவனத்தின் பெரும்பகுதியை வாங்கியது. ஓய்வூதியப் பற்றாக்குறை மட்டும் பழைய கணக்கிலேயே கிடந்தது. அயர்லாந்துத் தொழிலாளர்களின் ஓய்வூதிய வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை சென்று, 2013இல் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பானது.

பிரிட்டனில் நடந்தது இன்னும் விசித்திரம். வெட்ஜ்வுட் அருங்காட்சியக ஊழியர் சிலரும் நிறுவனத்தின் பிரிட்டன் ஓய்வூதியத் திட்டத்தில் இருந்ததால், நிறுவனம் நொடித்ததும் 13.4 கோடி பவுண்டு பற்றாக்குறை முழுவதும் அருங்காட்சியகத்தின் தலையில் விழுந்தது. சேகரிப்பை விற்றுக் கடனை அடைக்கலாம் என 2011இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2014இல் 1.575 கோடி பவுண்டு திரட்டி அதை மீட்டனர். இப்போது அச்சேகரிப்பு லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். காட்சிக்கு இருப்பது பார்லஸ்டனிலேயே.