வாசல் கல் பிறந்த கதை

மார்கழி விடியலில் தாம்பரத்தை அடுத்த சேலையூரில் எங்கள் தெரு ஐந்து மணிக்கெல்லாம் விழித்துவிடும். எதிர்வீட்டு அம்மா வாசலைப் பெருக்கி, சொம்பிலிருந்து தண்ணீரை விசிறித் தெளிப்பார். பக்கத்து வீட்டுச் சிமென்ட் தரையில் தெளித்த நீர் அப்படியே சரிந்து தெருவுக்கு ஓடும். எதிர்வீட்டு அம்மாவின் வாசலில் பதித்திருப்பது சிவப்பும் சாம்பலுமான பேவர் பிளாக். அதன்மேல் விழுந்த நீர் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலுள்ள கோட்டைத் தேடிப் போகும். கோடு கறுத்து நிறையும், பிறகு மெல்ல உள்ளே இழுத்துக்கொள்ளும். அதற்கப்புறம்தான் கோலப்பொடி டப்பா திறக்கும்.

இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலமுள்ள அந்தக் கோட்டில்தான் இந்தக் கல்லின் கதையே இருக்கிறது.

நம் பாட்டிமார் காலத்தில் வாசல் மண்வாசல். சாணத்தைக் கரைத்துத் தெளித்தால் புழுதி அடங்கும், தரை இறுகும், கோலம் எடுப்பாகத் தெரியும். சுத்தம் செய்வதும் மேற்பரப்பைக் காப்பதும் ஒரே வேலையாக, ஒரே கையால் நடந்தன. பிறகு சிமென்ட் வந்தது. வாசல் கல்லாக இறுகியது, தண்ணீர் மண்ணுக்குள் போக வழியில்லாமல் போனது. அதற்கு அடுத்து வந்த பேவர் பிளாக், வெகு தூரத்தில் ஒரு தட்டுப்பாட்டுக் காலத்தில் பிறந்தது.

நெதர்லாந்தின் கணிசமான பகுதி சதுப்பும் கடலிடமிருந்து மீட்டதுமான நிலம். மெல்ல அமுங்கிக்கொண்டே இருக்கும். அங்கே ஒரே பலகையாகச் சாலை போட்டால் விரிசல் விடும் என்பதால், சுட்ட செங்கல்லைச் சாந்தில்லாமல் மணல்மேல் அடுக்கித் தெருக்களை அமைத்தார்கள். தரை இறங்கினால் கல்லைப் பெயர்த்து, மணலைச் சமன் செய்து, அதே கல்லைத் திரும்பப் பதித்துவிடலாம். 1940 மே 14 அன்று ஜெர்மன் விமானங்கள் குண்டு வீசி ராட்டர்டாம் நகரத்தின் நடுப்பகுதியை அழித்தன. போர் முடிந்தபோது சூளையில் வெந்த செங்கல்லெல்லாம் வீடு கட்டவே போதவில்லை. தெருவுக்கு என்ன செய்வது? அதே செங்கல் அளவில் கான்கிரீட்டை வார்த்துப் பதித்தார்கள். பற்றாக்குறைக்கு மாற்றாக வந்த கல், அங்கேயே நிலைத்துவிட்டது.

அடுத்த அடி ஜெர்மனியில். நேர் விளிம்புள்ள கற்கள் வண்டிச் சக்கரம் திரும்பும்போது நகர்ந்தன. 1960களில் விளிம்பை வளைத்தும் மடித்தும், ஒன்றின் பல் மற்றொன்றின் பள்ளத்தில் பொருந்தும் கற்கள் பரவின. நம் மேஸ்திரிகள் ‘ஜிக்ஜாக்’ என்று சொல்லும் கல் அந்த வம்சம். கீழே மணல் மெத்தை, இடுக்குகளில் நுண்மணல், ஓரங்களில் அசையாத கட்டு. இந்த மூன்றும் இருந்தால் ஒரு கல்லின்மேல் ஏறிய பாரத்தைச் சுற்றியுள்ள கற்கள் பங்குபோட்டுக்கொள்ளும். இடுக்கு மணல் போய்விட்டால் ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகத் தாங்க வேண்டும். அப்போதுதான் வாசலில் கல் ஆடத் தொடங்குகிறது.

இந்தியத் தர நிர்ணய நிறுவனம் இதற்கென்று ஐ.எஸ். 15658 என்ற விதியை 2006-இல் வெளியிட்டது. மனிதர் நடக்கும் இடத்துக்கு 50 மில்லிமீட்டர் கனம், இலகுவான வண்டிகளுக்கு 60, நடுத்தரப் போக்குவரத்துக்கு 80 என்று அது வரையறுத்தது. கார் நிற்கும் வாசலுக்கு மலிவைப் பார்த்து 50 மில்லிமீட்டர் கல்லை வாங்குகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

தாம்பரத்துக்கு இந்தக் கல் பொருந்தியதில் வியப்பில்லை. செம்பாக்கம், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், இரும்புலியூர் என்று இந்தப் பக்கம் ஏரிகளின் பூமி. நிறைய மனைகள் ஏரிக்கரையிலும் பழைய வயலிலும் எழுந்தவை. நிலம் இறங்கும், குழாய்க்கும் கேபிளுக்கும் அடிக்கடி தோண்டுவார்கள். கழற்றி மாட்டக்கூடிய தரை இங்கே தேவைப்பட்டது. மூலப்பொருளும் பக்கத்திலேயே கிடைத்தது. பல்லாவரம், திரிசூலம் குன்றுகளின் கருங்கல்லைப் புவியியலாளர்கள் சார்னகைட் என்பார்கள். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னக்கின் கல்லறைமேல் கிடத்தியிருக்கும் கல் இந்த வட்டாரத்திலிருந்து போனது. அதைப் பார்த்துத்தான் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் 1890களில் இந்தக் கல்வகைக்கு அந்தப் பெயரை வைத்தார். அந்தக் கல் இனமே பொடி ஜல்லியாகவும் கிரஷர் பொடியாகவும் உடைந்து, ரப்பர் அச்சில் சிமென்ட்டோடு அதிர்ந்து இறுகி, நம் காலடிக்கு வருகிறது.

இனி, இந்தக் கல்லைக் காப்பதன் கதை.

சில வருடங்களுக்கு முன் மழைக்காலம் முடிந்ததும் எங்கள் வாசல் முழுக்க வெள்ளையாகப் பூத்தது. உப்பு என்று நினைத்து, கடையில் விற்கும் ஆசிட்டை முதலில் நான்கு கற்களில் ஊற்றினேன். நுரைத்துப் பொங்கியது. வெள்ளை போயிற்று. கல்லின் சிவப்பும் கூடவே போயிற்று. உள்ளே ஒளிந்திருந்த ஜல்லி மணிகள் பல்லைப்போல வெளியே தெரிந்தன. அந்த நான்கு கற்கள் இன்றும் அப்படியே இருக்கின்றன, பார்க்கும்போதெல்லாம் மனம் வருந்தும்.

பிறகுதான் அந்த வெள்ளை என்னவென்று புரிந்துகொண்டேன். சிமென்ட் நீரோடு சேர்ந்து இறுகும்போது கொஞ்சம் சுண்ணாம்பு மிச்சமாகிறது. மழைநீர் அதைக் கரைத்து மேலே கொண்டுவருகிறது. காற்றிலுள்ள கரியமில வாயு பட்டதும் அது கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. கடற்கரைக் கிளிஞ்சல் ஆனதும் இதே பொருளால்தான். அந்தக் கிளிஞ்சலைச் சுட்டு அரைத்து, முட்டை வெண்கருவும் வெல்லமும் சேர்த்து, சலவைக்கல்போல மின்னும்வரை தேய்த்த ‘மெட்ராஸ் சுண்ணாம்பு’ ஒரு காலத்தில் வெளிநாட்டுப் பயணிகளை வியக்க வைத்தது. சுவரில் நாம் தேடிப் பூசியது வாசலில் தானாகப் பூத்தால் பதறத் தேவையில்லை. புதுக் கல்லில் இது இயல்பு. உலர்ந்த தேங்காய்நார் பிரஷால் தேய்த்தால் பெரும்பாலும் உதிரும், ஓரிரு மழைக்காலத்தில் தானே குறைந்துவிடும். ஆசிட்டுக்குச் சுண்ணாம்பையும் சிமென்ட்டையும் பிரித்தறியத் தெரியாது, இரண்டையும் தின்னும்.

கல்லுக்கு மேல் அடிக்கும் சீலர் வந்த வழியும் சுவையானது. இங்கிலாந்தின் நாட்டிங்காமில் ஃபிரெடரிக் கிப்பிங் என்ற வேதியியல் பேராசிரியர் 1900 வாக்கில் தொடங்கி நாற்பது ஆண்டுகள் சிலிக்கன் சேர்மங்களை ஆராய்ந்தார். பிசுபிசுப்பாக எஞ்சிய அவற்றால் பெரிய பயன் வரும் என்ற நம்பிக்கை அவருக்கே இல்லை. 1943-இல் அமெரிக்காவில் டவ் கார்னிங் நிறுவனம் தொடங்கி அவற்றைத் தொழிலாக்கியது. அந்தக் குடும்பத்தின் சைலேன், சைலாக்ஸேன் வகைச் சீலர்கள் கல்லின் நுண்துளைச் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. துளை திறந்தே இருக்கும், ஆனால் தண்ணீர் ஒட்டாது, தாமரை இலைமேல் உருள்வதுபோல உருளும். உள்ளேயிருக்கும் ஈரம் ஆவியாக வெளியேறும். பளபளக்கும் அக்ரிலிக் சீலர் வேறு மாதிரி. அது மேலே தோலாகப் படரும். ஈரக் கல்லின்மேல் அடித்தால் பால்போல வெளுத்து, வெயிலில் உரிந்துவரும். மழையில் வழுக்கவும் செய்யும். முதியவர்கள் நடக்கும் வாசலுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

ஒரு கவலையையும் சொல்லிவிடுகிறேன். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. பேவர் பிளாக்கின் இடுக்குகள் அத்தனை நீரையும் குடித்துவிடா. ஆனால் சாதாரண மழையில் இறங்கும் கொஞ்சத்தையும் சிமென்ட் பால் ஊற்றி அடைப்பதும், மரத்தின் தூர்வரை கல் பதிப்பதும் நாமே செய்யும் தவறு. மரத்தைச் சுற்றி ஒரு முழம் மண்ணாவது விட வேண்டும்.

தை பிறந்து ஈரம் வற்றிய பிறகுதான் வாசலைப் பராமரிக்கும் வேலைக்கு நேரம். புல்லைப் பிடுங்கி, பாசியைச் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவி, இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவிட வேண்டும். பிரஷர் வாஷர் பிடித்தால் நுனியைத் தள்ளிச் சாய்த்துப் பிடிக்க வேண்டும், நேராக அடித்தால் இடுக்கு மணல் முழுக்கப் பறந்துவிடும். பிறகு சலித்த உலர்மணலைக் கொட்டி விளக்குமாற்றால் குறுக்கும் நெடுக்கும் தள்ள வேண்டும். கோடுகள் ஒவ்வொன்றாக நிறையும். சீலர் அதற்கப்புறம், வேண்டுமென்றால்.

போன தை மாதம் எதிர்வீட்டு அம்மா அப்படித்தான் மணல் தள்ளிக்கொண்டிருந்தார். சாணம் தெளித்து வாசலைப் பெருக்கிய பாட்டியின் கைவீச்சு அதில் இருந்தது. பெருக்குவதும் காப்பதும் மறுபடி ஒரே வேலையாகியிருந்தன. மறுநாள் காலை அவர் தெளித்த தண்ணீர் கோடுகளைத் தேடிப் போய், நின்று, உள்ளே இறங்கியது.