இரும்பு இரைச்சலும் கடன் போன சொல்லும்

அக்கா மகன் ஒரகடம் பக்கம் ஒரு பிரஸ் ஷாப்பில் காண்ட்ராக்ட் கூலி. தகட்டை வைத்து, மெஷின் அடித்ததும் எடுத்துப் போட்டு, மறுபடி வைக்கிற வேலை. ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்டதும் செல்போனில் ஒரு பாட்டைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவான். பாட்டா அது? தகரக் கொட்டகைக்குள் பத்துப் பேர் சம்மட்டியோடு சண்டை போடுகிற மாதிரி இருக்கும். ஒருநாள் பொறுக்கமுடியாமல், "என்னடா இது காட்டுக் கத்தல், நிறுத்துடா" என்றேன். "நாள் பூரா மெஷின் நம்மள அடிக்குது சித்தி. இதைக் கேட்டா நாம திருப்பி அடிக்கிற மாதிரி இருக்குது" என்றான்.

அதற்குப் பிறகுதான் என் வாயிலிருந்து வந்தது யாருடைய சொல் என்று உறைத்தது. காட்டுக் கத்தல், காதைக் கிழிக்குது, சாவுச் சத்தம். பறையைப் பார்த்து ஊர்த்தெரு காலங்காலமாகச் சொன்ன வார்த்தைகள். எம்.ஏ. தமிழ் படித்து, பறை எங்கள் இசை என்று மேடைமேடையாகப் பேசுகிற எனக்குள்ளேயும் அந்த ஊர்த்தெருக் காது உட்கார்ந்திருக்கிறது. வெட்கமாகத்தான் இருந்தது. ஹெவி மெட்டல் என்கிற இந்தச் சங்கதி எங்கே பிறந்தது, கேட்கிறவர்களை ஏன் இப்படிப் பிடித்து வைத்திருக்கிறது என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

பிறந்த இடம் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்தின் ஆஸ்டன் என்கிற தொழிலாளர் பேட்டை. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் குண்டுகளால் நொறுங்கிய ஊர். குண்டு விழுந்த காலி மனைகள்தான் அங்கே பிள்ளைகளுக்கு விளையாட்டுத் திடல். 1948, 49இல் பிறந்து அந்தத் தெருக்களில் வளர்ந்த நான்கு பையன்கள் டோனி அயோமி, ஓசி ஆஸ்பர்ன், கீசர் பட்லர், பில் வார்டு. ஆஸ்பர்ன் வீட்டில் ஆறு பிள்ளைகள். அப்பா இரவு ஷிப்ட் தொழிலாளி, அம்மாவும் பேக்டரிக்குப் போனவர். பையன் பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டான். மாடு அறுக்கிற தொட்டியில் வேலை பார்த்தான், கார் ஹாரனுக்குச் சுருதி சேர்க்கிற வேலையும் பார்த்தான். திருடி மாட்டி, அபராதம் கட்டக் காசில்லாமல் ஆறு வாரம் ஜெயிலில் கிடந்தான். மாட்டுத்தொட்டி ரத்தவாடையை நமக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

அயோமியின் கதையைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். 1965, அவனுக்குப் பதினேழு வயது. தகட்டுப் பட்டறையில் வெல்டிங் வேலை. ஒரு இசைக்குழுவோடு வெளியூர் போக வாய்ப்பு வந்ததால் வேலையை விடப்போகிறான். அன்றைக்குத்தான் கடைசி நாள். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தவன், இனி போகமாட்டேன் என்கிறான். போய் ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று அம்மா திருப்பி அனுப்புகிறாள். பிரஸ் மெஷின்காரர் அன்றைக்கு வரவில்லை. பழக்கமில்லாத இவனை அதில் நிறுத்துகிறார்கள். மெஷின் இறங்குகிறது. வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனியும் போய்விடுகின்றன. அவன் இடதுகைக்காரன். கித்தாரில் தந்தியை அழுத்துவது அந்த வலது கைதான்.

இனி வாசிக்கவே முடியாது என்று டாக்டர்கள் சொன்னார்கள். பட்டறை மேலாளர் ஒருவர்தான் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். ஜாங்கோ ராயின்ஹார்ட் என்கிற ஜிப்சிக் கலைஞனின் தட்டு. தீயில் வெந்த கையின் இரண்டு விரலை வைத்துக்கொண்டு வாசித்தவன் அவன். ஐரோப்பாவே தீண்டாமல் தள்ளிவைத்த இனத்துக்காரன். அதைக் கேட்ட பிறகு அயோமி பாத்திரம் கழுவுகிற திரவம் வந்த பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல்நுனிக்குக் குப்பி செய்தான். மேலே தோலை ஒட்டினான். கித்தார்த் தந்தி அழுத்த முடியாமல் வலித்தது. மெல்லிசான பாஞ்சோ தந்தியைக் கட்டினான். பின்னால், 1971இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' தட்டில், தந்தியை இன்னும் தளர்த்திச் சுருதியைக் கீழே இறக்கினான். தந்தி தளர்ந்தால் விரலுக்கு நோவு குறையும், ஒலியோ கனத்துப் பூமிக்குள் இறங்கும். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான குழுக்கள் இன்றைக்கும் சுருதியை இறக்கி வாசிக்கின்றன. அந்தக் கனத்தின் ஒரு வேர் வெட்டுப்பட்ட ஒரு கூலிக்காரனின் கையில் இருக்கிறது. முதலாளி நஷ்டஈடு எவ்வளவு கொடுத்தான் என்று எழுதுகிறவர்கள் யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. விரல் போனதைப் புராணமாக்கிவிட்டார்கள்.

இந்த இசை செய்கிற காரியம் நேரடியானது. ஒலிபெருக்கிக்கு அதன் சக்திக்கு மீறிச் சுமையேற்றினால் ஒலி கிழியும். சுத்தமான ஒலியை விரும்பிய எஞ்சினியர்களுக்கு அது பழுது. மெட்டல்காரர்களுக்கு அதுதான் மூலதனம். இரண்டே சுரத்தைச் சேர்த்து அடிக்கிறார்கள். அது காதில் நிற்காமல் நெஞ்செலும்பில் போய் இடிக்கிறது. பறை நெருங்கி வரும்போது வயிற்றில் அதிருமே, அது. உட்கார்ந்து தலையாட்டி ரசிக்கிற இசையாக இதைச் செய்யவில்லை. உடம்பைக் கேட்கிறது.

இவர்களுடைய முதல் தட்டு 1970 பிப்ரவரியில் வந்தது. குழுவின் பெயர், தட்டின் பெயர், முதல் பாட்டின் பெயர் மூன்றும் 'பிளாக் சப்பத்'. அந்தப் பாட்டில் முக்கியமான பகுதிக்கு மூன்றே சுரம். நம் கணக்கில் சொன்னால் ச, மேல் ச, பிரதி மத்திமம். ஸட்ஜத்துக்கும் பிரதி மத்திமத்துக்கும் நடுவிலுள்ள அந்த இடைவெளிக்குச் சாத்தான் பெயரை வைத்து, தவிர்க்கவேண்டியது என்றார்கள் ஐரோப்பியப் பண்டிதர்கள். அதே இடைவெளி நம் சபாக்களில் கல்யாணி ராகத்தில் மங்களகரமாக உட்கார்ந்திருக்கிறது. தீட்டும் மங்களமும் சுரத்திலா இருக்கிறது?

விமர்சகர்கள் காறித் துப்பினார்கள். கேட்கிறவர்கள் வாங்கினார்கள். அதே வருஷம் வந்த இரண்டாம் தட்டு 'பாரனாய்டு' பிரிட்டனில் முதலிடத்துக்குப் போனது. அதில் 'வார் பிக்ஸ்' என்று ஒரு பாட்டு. போரை மூட்டிவிட்டு ஒளிந்துகொள்கிற பெரிய மனுஷர்களையும், சாக அனுப்பப்படுகிற ஏழைகளையும் பற்றியது. வியட்நாம் எரிந்துகொண்டிருந்த நேரம். பூவையும் காதலையும் பாடிய ஹிப்பி இசையில் ஆஸ்டன் பையன்கள் தங்கள் தெருவைக் காணவில்லை. இதில் கண்டார்கள். பத்து வருஷம் கழித்து, 1980 ஏப்ரலில், பக்கத்து ஊர்ப் பையன்களின் ஜூடாஸ் பிரீஸ்ட் குழு ஒரு தட்டு போட்டது. பெயர் 'பிரிட்டிஷ் ஸ்டீல்'. அந்த அரசு உருக்காலைத் தொழிலாளர்கள் 13 வாரம் வேலைநிறுத்தம் செய்து முடித்த நேரம் அது. குழுவின் கித்தார்க்காரர் கிளென் டிப்டன் அங்கேயே வேலை பார்த்தவர்.

இதைப் படிக்கும்போதுதான் அந்தச் சொல் கண்ணில் பட்டது. டீனா வைன்ஸ்டைன் என்கிற அமெரிக்கச் சமூகவியலாளர் 1991இல் இந்த இசை பற்றி ஒரு நூல் எழுதினார். கேட்பவர்களைப் பற்றிய அத்தியாயத்துக்கு அவர் வைத்த பெயர், 'பெருமைகொண்ட பறையாக்கள்' என்று பொருள்படும். எங்கள் பெயர்! 17ஆம் நூற்றாண்டிலேயே வெள்ளைக்காரர்கள் இங்கிருந்து எடுத்துப்போய், 'ஒதுக்கப்பட்டவன்' என்று அகராதியில் போட்டுக்கொண்ட பெயர். சேரியில் வசவாகக் கேட்டு வளர்ந்த சொல் அமெரிக்கப் பையன்களின் தோளில் மெடலாகத் தொங்குகிறது. கொஞ்சநேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

கோபமும் வந்தது. வெள்ளைக்காரப் பையன் முடி வளர்த்துக் கருப்புச் சட்டை போட்டால் பறையா. முடியை வெட்டி டை கட்டிவிட்டால் மிஸ்டர். எங்களுக்கு முடிவெட்டுகிற கடைக்குள்ளேயே நுழைவு இல்லாத ஊர்கள் உண்டு. இரவல் வாங்கின இழிவைக் கழற்றி வைக்கலாம், பிறவி இழிவை எங்கே கழற்றுவது? ஆனாலும் அந்தப் பையனை முழுசாகப் பழிக்க மனம் வரவில்லை. தள்ளிய கூட்டம் வைத்த பெயரைப் பிடுங்கித் தானே சூடிக்கொள்வது நாமும் செய்த வேலைதான். நொறுக்கப்பட்டவன் என்கிற பொருளுள்ள 'தலித்' சொல்லை 1972இல் பம்பாயில் சிறுத்தைகள் கொடியாக்கினார்கள். மெட்டல் கேட்கிறவனுக்கும் அந்த ருசி கொஞ்சம் கிடைக்கிறது. நீ அசிங்கம் என்கிறாயா, இந்தா இன்னும் அசிங்கம், இன்னும் சத்தம்.

ஆனால் கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. பிளாக் சப்பத் 1968இல் தொடங்கியபோது அது ப்ளூஸ் வாசிக்கிற குழு. ப்ளூஸ், அமெரிக்கக் கறுப்புக் கூலிகளின் பாட்டு. லெட் செப்பலின் குழுவின் 1969ஆம் வருஷத்துப் புகழ்பெற்ற பாட்டு ஒன்றுக்காக வில்லி டிக்சன் என்கிற கறுப்புக் கவிஞர் 1985இல் வழக்குப் போடவேண்டி வந்தது. 1987இல் சமரசமாகி அவருக்குப் பங்கு கிடைத்தது. இரும்பில் வெந்ததும் வெள்ளைத்தோல் மட்டுமில்லை. அந்த வட்டாரத்து வார்ப்படச்சாலைகளில் சூட்டு வேலை பார்த்தவர்களில் பஞ்சாபிலிருந்து போனவர்கள் ஏராளம். ரவிதாசியர்களும் அவர்களில் உண்டு. பர்மிங்காமில் ரவிதாசியர் கோயிலும் வோல்வர்ஹாம்டனில் அம்பேத்கர் பெயரில் புத்த விகாரையும் எழும்பியிருக்கின்றன. அயோமியின் விரல் போன 1965இல்தான், பிப்ரவரி 12ஆம் தேதி, பக்கத்து ஸ்மெத்விக்குக்கு மால்கம் எக்ஸ் வந்தார். நிறத்தைப் பார்த்துக் குடிக்க இடம் கொடுக்காத மதுக்கடைகள் அங்கே இருந்தன. ஒன்பது நாளில் அவர் நியூயார்க்கில் சுட்டுக்கொல்லப்பட்டார். குழு தொடங்கிய 1968இல் ஈனோக் பவல் குடியேறியவர்களுக்கு எதிராக நஞ்சைக் கக்கியதும் பர்மிங்காம் மேடையில்தான். ஒரே இரும்பைத் தின்ற தெருக்கள் ஒரே பாட்டைப் பாடவில்லை.

பாட்டில் ஆம்பளைத்திமிரும் நிறைய. அந்தத் திமிரின் சீருடையான தோல் உடை, ஆணி வைத்த பட்டை எல்லாம் எங்கிருந்து வந்தன தெரியுமா? ஜூடாஸ் பிரீஸ்டின் பாடகர் ராப் ஹால்ஃபோர்டு மேடைக்குக் கொண்டுவந்தவை, ஓரினச்சேர்க்கை ஆண்களின் உடைவழக்கத்தைச் சேர்ந்தவை. தான் யார் என்பதை அவர் 1998இல்தான் வெளியில் சொன்னார். அதுவரை லட்சக்கணக்கான முரட்டுப் பையன்கள் தெரியாமலே அந்த உடையைப் போட்டுக்கொண்டு ஆடினார்கள். சிரிப்பாக இருக்கிறது, சந்தோஷமாகவும்.

இந்த இசை பிள்ளைகளைச் சாகடிக்கிறது என்று 1990இல் நெவாடாவில் அதே குழு மேல் வழக்கு நடந்தது. பாட்டுக்குள் ஒளித்துவைத்த கட்டளை இரண்டு இளைஞர்களைத் தற்கொலைக்குத் தள்ளியது என்றார்கள். விசாரணையில் அந்த வீடுகளின் குடியும் அடிதடியும் வெளியே வந்தன. வழக்கு தள்ளுபடியானது. 2015இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் மெட்டல் போன்ற முரட்டு இசையின் ரசிகர்கள் 39 பேரை முதலில் கோபப்படுத்தி, பிறகு சிலரைப் பாட்டுக் கேட்கவும் மற்றவர்களைச் சும்மா இருக்கவும் விட்டார்கள். பாட்டு கோபத்தை வளர்க்கவில்லை. கேட்டவர்கள் தெம்பு வந்ததாகச் சொன்னார்கள். அக்கா மகன் பாயில் படுத்துக்கொண்டு சொன்னதுதான்.

2025 ஜூலை 5 அன்று ஆஸ்டனில், வில்லா பார்க் மைதானத்தில், அந்த நான்கு பேரும் கடைசியாக ஒன்றாக வாசித்தார்கள். பார்க்கின்சன் நோயால் நிற்கமுடியாத ஆஸ்பர்ன் நாற்காலியில் உட்கார்ந்து பாடினார். ஜூலை 22இல் செத்துப்போனார்.

செய்தி கேட்ட அன்றைக்கு, அந்த முதல் பாட்டைப் போடுடா என்றேன். பையன் ஆச்சரியமாகப் பார்த்துவிட்டுப் போட்டான். முதலில் மழைச்சத்தம், இடி, கோயில்மணி. பிறகு அந்த மூன்று சுரம், மெதுவாக. அவன் விரல்கள் பாயில் தாளம் போட்டன. பத்தும் இருக்கின்றனவா என்று என்னையறியாமல் எண்ணிப் பார்த்தேன். அடுப்படியிலிருந்து அக்கா எட்டிப் பார்த்து, "யார் வூட்லடி சாவு?" என்று கேட்டாள்.