கரும்புச் சாற்றில் ஓடிய கார்கள்: பிரேசில் தந்த பாடம்

வெளிநாட்டு எண்ணெயை நம்பியிருக்கும் நாடு, அந்தப் பிடியிலிருந்து விடுபட முடியுமா? 1970களில் இதைத் துணிந்து செய்து பார்த்த நாடு பிரேசில். அது ஒரு முறை ஜெயித்து, ஒரு முறை தோற்று, மீண்டும் எழுந்தது.

1973 அக்டோபரில் அரபு - இஸ்ரேல் போர் மூண்டது. பேரல் சுமார் 3 டாலருக்கு விற்ற கச்சா எண்ணெய், சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. தன் தேவையில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை இறக்குமதி செய்துகொண்டிருந்த பிரேசில் ஆடிப்போனது. உச்சத்தில் இருந்த சர்க்கரை விலையும் 1975ல் சரிந்தது. எண்ணெய் வாங்கப் பணமில்லை. விளைந்த கரும்புக்கு விலையில்லை.

இரண்டு சிக்கலுக்கும் ஒரே தீர்வாக, 1975 நவம்பரில் ராணுவ ஆட்சியின் அதிபர் எர்னஸ்டோ கைசல் 'ப்ரோஆல்கூல்' திட்டத்தைத் தொடங்கினார். கரும்பிலிருந்து எத்தனால் எடுத்து பெட்ரோலில் கலப்பதுதான் திட்டம். ஆலைகளுக்குக் குறைந்த வட்டியில் கடன் கிடைத்தது. எத்தனாலை வாங்கும் பொறுப்பு அரசு நிறுவனமான பெட்ரோபிராஸிடம் விடப்பட்டது.

1979ல் ஈரான் புரட்சியால் எண்ணெய் விலை மீண்டும் எகிறியது. அதே ஆண்டு, முழுக்க எத்தனாலிலேயே ஓடும் ஃபியட் 147 கார் விற்பனைக்கு வந்தது. வரிச்சலுகையும் மலிவான எரிபொருளும் மக்களை இழுத்தன. 1980களின் நடுவில், விற்ற புதிய கார்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் எத்தனால் கார்கள்!

ஆனால் 1986ல் எண்ணெய் விலை வீழ்ந்தது. கடனிலும் பணவீக்கத்திலும் தத்தளித்த அரசு மானியத்தைக் குறைத்தது. பின்னர் உலகச் சந்தையில் சர்க்கரை விலை ஏறவே, ஆலைகள் எத்தனாலை விட்டுச் சர்க்கரைக்குத் தாவின. 1989 இறுதியில் பங்குகளில் எத்தனால் இல்லை. கார்கள் வரிசையில் காத்துக் கிடந்தன. அந்நிய எண்ணெயை ஒழிக்கப் புறப்பட்ட நாடு, வெளிநாட்டிலிருந்து ஆல்கஹால் இறக்குமதி செய்ய நேர்ந்தது. மக்களின் நம்பிக்கை போயிற்று. 1990களின் பிற்பகுதியில் புதிய கார்களில் எத்தனால் கார்கள் ஒரு விழுக்காடுகூட இல்லை.

மறுவாழ்வு 2003ல் வந்தது. ஃபோக்ஸ்வாகன் 'கோல்' காரில், பெட்ரோல், எத்தனால் இரண்டையும் எந்த விகிதத்திலும் ஏற்கும் 'ஃப்ளெக்ஸ்' என்ஜின் பொருத்தப்பட்டது. எத்தனால் தரும் மைலேஜ் சுமார் 30 விழுக்காடு குறைவு. எனவே அதன் விலை பெட்ரோல் விலையில் 70 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் எத்தனால், இல்லையென்றால் பெட்ரோல். எதை நிரப்புவது என்பதை ஓட்டுநரே பங்கில் முடிவு செய்யலாம்.

இந்தப் பயணத்துக்கு விலையும் உண்டு. கொளுத்திய வயல்களில் கரும்பு வெட்டிய தொழிலாளரின் உழைப்பு அதில் ஒன்று. ஒரு லிட்டர் எத்தனாலுக்குப் 10 லிட்டருக்கு மேல் வெளியேறிய கழிவுநீர், தொடக்கத்தில் ஆறுகளைக் கெடுத்தது. லாரிகள் டீசலில்தான் ஓடுகின்றன. ஆழ்கடலில் எண்ணெய் எடுத்து இன்று கச்சா எண்ணெய் ஏற்றுமதி செய்யும் பிரேசில், டீசலில் ஒரு பகுதியை இன்னும் இறக்குமதி செய்கிறது.

1980களில் பிரேசில் அரபு நாடுகளின் பிடியிலிருந்து விலகி, சர்க்கரை ஆலைகளின் பிடியில் சிக்கியது. எஜமானர் மட்டுமே மாறினார். 2003க்குப் பிறகுதான் கார் வைத்திருப்பவரின் கைக்குத் தேர்வு வந்தது. எரிபொருளில் சுதந்திரம் என்பது ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடிப்பதல்ல, ஒன்று கைவிட்டால் மற்றொன்று இருப்பதே.