பழைய படத்தில் நிற்கும் லாண்ட் குறூசர்



எங்கள் வீட்டு அல்பங்களில் ஒரு வகைப் படம் அடிக்கடி இருக்கும். அப்பாவோ மாமாவோ மணலில் ஒரு ஜீப்பில் கைவைத்தபடி நிற்பார். பின்பக்கத்தில் "டுபாய்" அல்லது "குவைத்" என்று எழுதியிருக்கும், திகதி இராது. இடப்பெயர்வுகளில் கடிதங்களையும் கடவுச்சீட்டுகளையும் தொலைத்த குடும்பங்களுக்கு அந்தப் படமே மிஞ்சிய ஆவணம். அதன் காலத்தை அந்த ஜீப்பைக் கொண்டே ஓரளவு கணிக்கலாம்.

ஜீப் என்று நாங்கள் சொன்னாலும் அது பெரும்பாலும் ரொயோட்டா லாண்ட் குறூசர்தான். ஐம்பதுகளில், இன்றைய அமீரகம் ஒப்பந்த நாடுகள் எனப்பட்ட காலத்தில், பிரித்தானிய அதிகாரிகளின் கீழிருந்த ட்ரூசியல் ஓமான் ஸ்கவுட்ஸ் படை லாண்ட் றோவரில் பாலைவனம் சுற்றியது. 1955இல் அல்-புத்தைம் நிறுவனம் டுபாயில் ரொயோட்டாவின் முகவரானது. இலங்கையில் 1977இன் பொருளாதார மாற்றத்துக்குப் பின் எங்கள் ஆட்கள் வளைகுடாவுக்குப் பெருமளவில் போனபோது, வேலைத்தளங்களில் யப்பான் வாகனங்கள் நிறைந்துவிட்டன.

இனி அடையாளங்களைப் பார்ப்போம். 1960 முதல் 1984 வரை வந்தது 40 வரிசை: குட்டையான உடல், வட்ட விளக்குகள், மட்கார்ட்டின் மேல் துருத்தி நிற்கும் சிக்னல் விளக்கு. விளக்கைச் சுற்றிய சட்டம் முதலில் வளைவாக இருந்தது; 1979இல் சதுரமானது. 1980இல் நீண்ட குடும்ப வாகனமாக 60 வரிசை வந்தது. அதற்கும் முதலில் இரண்டு வட்ட விளக்குகளே. 1987இல் விலை கூடிய ரகங்களில் நான்கு சதுர விளக்குகள் வந்தன. 1984 இறுதியில் 40இன் இடத்தைப் பிடித்த 70 வரிசை இன்றும் விற்பனையாகிறது. உருண்டு திரண்ட 80 வரிசை 1990இலும், 100 வரிசை 1998இலும் விற்பனைக்கு வந்தன.

எல்லாவற்றிலும் எளிதானது சின்னம். மூன்று நீள்வட்டங்கள் சேர்ந்த ரொயோட்டாச் சின்னம் 1989 ஒக்டோபரில்தான் அறிமுகமானது. கிறிலில் அது தெரிந்தால் படம் அதற்குப் பிந்தியது.

இதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், தகப்பன் 1983 யூலைக் கலவரத்துக்கு முன்பே சவூதிக்குப் போய்த் திரும்பியவர் என்றுதான் பிள்ளைகள் கேள்விப்பட்டிருந்தார்கள். ஆனால் சவூதிப் படமொன்றில் அவருக்குப் பின்னால் நின்ற வாகனத்துக்கு நான்கு சதுர விளக்குகள். அது 1987க்கு முன் எடுத்த படமாக இருக்க முடியாது. தாயாரைக் கேட்டபோதுதான் இரண்டாவது பயணம் வெளிவந்தது. கலவரத்தில் கடை எரிந்தபின், கடனை அடைக்க மனுசன் மறுபடியும் போயிருக்கிறார். அதைப் பற்றி அவர் பிள்ளைகளிடம் வாய் திறந்ததே இல்லை.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. வாகனம் "இந்த ஆண்டுக்கு முன் அல்ல" என்று மட்டுமே சொல்லும். "இதற்குப் பின் அல்ல" என்று சொல்லாது. வட்ட விளக்கு 60 வரிசை 1987க்குப் பின்னும் விற்பனையானது. இருபது வருடம் ஓடிய லாண்ட் குறூசர்களும் ஏராளம். ஆகவே படத்தின் மற்ற மூலைகளையும் பாருங்கள். டுபாய் உலக வர்த்தக மையக் கோபுரமும் குவைத் கோபுரங்களும் 1979இல் திறக்கப்பட்டவை. பின்பக்கத்தில் ஸ்டூடியோ முத்திரை இருந்தால் அதையும் வாசியுங்கள்.

1990 ஓகஸ்ட் 2இல் ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தபோது, அங்கிருந்த இலங்கையர் பலர் ஒரு பையோடு யோர்தான் வழியாக வெளியேறினார்கள். அந்தப் பைகளில் வந்த படங்களும் எங்களில் சிலரிடம் இருக்கக்கூடும்.

இந்த வார இறுதியில் அல்பத்தை எடுத்துப் பெரியவர்களுக்குப் பக்கத்தில் இருங்கள். வாகனத்தைக் காட்டிக் கேளுங்கள். ஆளைப் பற்றிப் பேசத் தயங்குபவர்கள்கூட வாகனத்தைப் பற்றிப் பேசுவார்கள். கேட்டதைப் பென்சிலால் படத்தின் பின்னால் எழுதி வையுங்கள். பேனை மை முன்பக்கத்துக்கு ஊறிவிடும்.