கை நரம்புத் தடுப்பில் மின்தூண்டல்

அறுவை சிகிச்சைக்காகக் கையை மட்டும் மரத்துப்போகச் செய்யும்போது, ஊசிமுனை நரம்பை நெருங்கிவிட்டதா என்று சிறு மின்னோட்டத்தால் அறியும் முறை. கழுத்திலிருந்து அக்குள் வழியாகக் கைக்கு இறங்கும் புய நரம்புப் பின்னலே இதன் இலக்கு.

1880களின் நடுவில் நியூயார்க்கில் ஹால்ஸ்டெட் இப்பின்னலைக் கீறித் திறந்து கொக்கைன் செலுத்தினார். 1911இல் ஜெர்மனியில் ஹிர்ஷெல் அக்குளிலும், கூலன்காம்ஃப் காரை எலும்புக்கு மேலும் கீறாமலே ஊசி போட்டனர். கூலன்காம்ஃப் தம் உடலிலேயே சோதித்துக்கொண்டவர். அவர் முறையில் ஊசி நரம்பைத் தொட்டதற்குச் சாட்சி நோயாளியின் வாய்ச்சொல்தான்: விரல்வரை ‘சுரீர்’ என்று ஓடுவதாக அவர் சொல்ல வேண்டும்.

மறு ஆண்டே டூபிங்கன் அறுவை மருத்துவர் கியோர்க் பெர்தெஸ் சாட்சியை நோயாளியின் சொல்லிலிருந்து தசைத் துடிப்புக்கு மாற்றினார். நிக்கல் ஊசிக்கு முனைவரை அரக்குப் பூச்சு. மின்சாரத்துக்கு ஒரு தூண்டுசுருள். கருவி அவ்வளவே. பூச்சில்லாத ஊசியில் மின்சாரம் தண்டு நெடுகக் கசியும். முனை நரம்பைத் தாண்டிய பிறகும் தசை துடித்து ஏமாற்றும். இன்றைய ஊசிகளும் முனையை மட்டுமே திறந்து வைக்கின்றன. எந்த நரம்பு என்பதைக் கையே காட்டிக்கொடுக்கும்: முழங்கை மடங்கினால் தசைத்தோல் நரம்பு, மணிக்கட்டு பின்னோக்கி நிமிர்ந்தால் ஆரை நரம்பு. இயக்க நரம்பிழைகள் 0.1 மில்லி விநாடித் துடிப்புக்கே கிளர்ந்துவிடுவதால் தசை அசையும், வலி அவ்வளவாக இராது.

அடுத்த அரை நூற்றாண்டில் இம்முறை பரவவில்லை. 1962இல் கிரீன்பிளாட், டென்சன் இருவரும் கையடக்கக் கருவியொன்றை அறிமுகப்படுத்தினர்.

‘சுரீர்’ தேடுவது நரம்பைப் புண்படுத்துமா என்பதில் கருத்தொற்றுமை இல்லை. 1979இல் செலாண்டர் குழுவினர் அக்குள் ஊசியில் அவ்வாறு தேடப்பட்ட நோயாளிகளிடம் 2.8 விழுக்காடும், தமனியைக் குறியாகக் கொண்டு ஊசி போடப்பட்டவர்களிடம் 0.8 விழுக்காடும் நரம்புப் பாதிப்பு கண்டனர். ஆனால் புள்ளியியல்படி அவ்வேறுபாடு உறுதிப்படவில்லை. மின்தூண்டலும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதல்ல. 2002இல் உர்மி, ஸ்டான்டன் ஆய்வில், கழுத்தில் ஊசியால் ‘சுரீர்’ உணர்ந்த 30 பேரில், மின்னோட்டத்தை 1 மில்லி ஆம்பியர் வரை கூட்டியும் 30 விழுக்காட்டினருக்கே தசை துடித்தது.

1994இல் வியன்னாவில் கப்ரால் குழுவினர் காரை எலும்புக்கு மேல் அல்ட்ராசவுண்ட் படம் பார்த்து ஊசி செலுத்தியதை வெளியிட்டனர். அதன்பின் மின்தூண்டல் பெரும்பாலும் துணைக்கருவியாகிவிட்டது. 0.2 மில்லி ஆம்பியருக்கும் குறைவில் தசை துடித்தால், முனை நரம்புக்குள் இருக்கலாம் எனக் கருதி, மருந்தைச் செலுத்தாமல் ஊசியைப் பின்னிழுப்பது வழக்கம்.