செல் துண்டும் காந்தமும்: மூளைப் படிமவியலில் விடுபடும் வன்னி

எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகுமுன் நிரப்பும் படிவத்தில் ஒரு கேள்வி தவறாமல் வரும்: உடம்பில் உலோகத் துண்டு ஏதும் உண்டா? போர் நடந்த இலங்கையின் வன்னியில், வவுனியாவிலோ முல்லைத்தீவிலோ கேட்டால், "செல் துண்டு கிடக்குது, எடுக்கேலாது எண்டு விட்டிட்டினம்" என்ற பதில் புதிதல்ல; செல் என்பது எறிகணை. 1.5 டெஸ்லா காந்தத்தின் புலம் பூமியினுடையதைப் போல ஏறத்தாழ 30,000 மடங்கு. கண்ணுக்கோ முள்ளந்தண்டுக்கோ பெரிய குருதிக்குழாய்க்கோ அருகில் கிடக்கும் உருக்குத் துண்டு அதில் அசையக்கூடும். ஆகவே மூளைப் படிம ஆய்வாளர், துண்டு சுமப்பவரை மாதிரியிலிருந்து நீக்குகிறார். அவரது பாதுகாப்புக்கு அதுவே சரி. ஆனால் ஆய்வின் முடிவுக்கு அதனால் நேரும் கோணலைப் பேசியாக வேண்டும்.

உடம்பில் துண்டு சுமப்பவர் செல் விழுந்த இடத்துக்கு மிக அருகில் நின்றவர். போரின் தாக்கம் ஒருவரில் எவ்வளவு கடுமையோ, அவ்வளவுக்கு அவர் ஸ்கானருக்கு வெளியே நிற்க நேர்கிறது. எஞ்சியோரை மட்டும் அளந்துவிட்டு வன்னியின் மூளை இதுதான் என்று எழுதுவது தவறு.

வெளிநாட்டு முடிவுகளை இரவல் வாங்கலாமா? 1995இல் பிரெம்னர் குழு, மனவடு நோயுள்ள (PTSD) வியட்நாம் போர் வீரர்களிடம், நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் வலப்புறத்தில் 8 சதவீதம் சிறிதாயிருக்கக் கண்டது. 2002இல் கில்பர்ட்சன் குழு, போருக்குப் போனவர்களையும் போகாத அவர்களது ஒருகரு இரட்டையரையும் ஒப்பிட்டது. கடும் மனவடு உள்ளவரின் வீட்டிலிருந்த சகோதரருக்கும் அப்பகுதி சிறிதாகவே இருந்தது. எனவே அந்தச் சிறுமை போருக்கு முன்பே இருந்த ஏதுநிலையாகலாம். மிக நுட்பமான வாதம். ஆனால் அது நிற்பதற்கு, போர் எட்டாத ஒரு வீடு வேண்டும். வன்னியில் இரட்டையர் இருவரும் ஒரே பங்கருக்குள் இருந்தார்கள். 2009இல் இருவரும் செட்டிக்குளம் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமின் ஒரே கூடாரத்துக்கு வந்தார்கள். ஒப்பிட ஆளில்லை.

இதற்காகக் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. தோமஸ் எல்பேர்ட் குழு 2009இல் வெளியிட்ட ஆய்வு, வன்னிப் பாடசாலை மாணவர் 420 பேரை எடுத்துக்கொண்டது. 92 சதவீதத்தினர் குண்டுவீச்சு, செல்லடி, உறவினரின் சாவு போன்ற கொடூரங்களைக் கண்டிருந்தனர். காற்பங்கினருக்கு மனவடு நோய் இருந்தது. நினைவுச் சோதனையிலும் பாடசாலைப் புள்ளிகளிலும் அதன் தடம் தெரிந்தது. காந்தமில்லாமலே கிடைத்த அறிவு இது. உடம்பில் எத்தனை துண்டு இருந்தாலும் பிள்ளை வந்து உட்காரலாம்.

மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி.யும் அப்படித்தான்: தலையில் மின்முனைகளைப் பொருத்தினால் போதும், இழுக்கும் காந்தம் கிடையாது. மூளையின் ஆழத்தை அது எம்.ஆர்.ஐ. போலக் காட்டாது என்பது உண்மை. ஆயினும் "யோசினை கூடிப்போச்சு, ஒண்டும் ஞாபகம் நிக்குதில்லை" என்று வரும் தாயை அது வாசலில் நிறுத்தாது. இங்கே தொடங்கும் எந்த ஆய்வும் ஈ.ஈ.ஜி.யையும் நினைவுச் சோதனையையும் முதலில் வைக்கட்டும். எம்.ஆர்.ஐ. சேரும்போது, உலோகத்தால் நீக்கப்பட்டோர் எத்தனை பேர், அவர்களது மனவடுப் புள்ளிகள் எவை என்பதையும் அட்டவணையிலேயே அச்சிடட்டும்.